சின்செரோ சாலையில் மதினி

லீமாவில் விமானம் இறங்குவதற்கு முன்பே எங்கள் பால்கோவா தீர்ந்துவிட்டது. பெரு நாட்டுக்குள் பால் பண்டங்களை விடமாட்டார்கள் என்று பணிப்பெண் சொன்னதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு வரும் வழியில் வாங்கிய அத்தனை டப்பாக்களையும் மதினி கீழே இறக்கச் சொன்னார்.

"பிடுங்கித் தூரப் போடுறதுக்கு நாலு பேரு திங்கட்டும். குடுட்டி."

முன் வரிசை, பின் வரிசை, கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், கழுத்தில் சிலுவை போட்ட ஒரு பாதிரியார் என்று எல்லாருக்கும் கொடுத்தேன். பாதிரியார் காகிதத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்நாட்டு வியாபாரிக்கென்று கொண்டுபோன அன்பளிப்பு இப்படி வானத்திலேயே செலவாயிற்று.

மதினி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்கா சண்முகத்தாயை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு விசைத்தறிக்கூடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியும் பேண்டேஜ் துணியும் நெய்கிறோம். தறியும் ஆட்களும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. பேச்சும் முடிவும் மதினி பொறுப்பு. கணக்கும் இங்கிலீஷும் என் பொறுப்பு. வெளியூர் வியாபாரி வந்தால் மதினி தமிழில் பேசுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியது.

லீமாவில் ஆஸ்பத்திரிச் சாமான்கள் மொத்தமாக வாங்கி விற்கும் ஒருவர் எங்கள் துணியைப் பார்க்க ஆசைப்பட்டார். "படத்தில் பார்த்து வாங்கமாட்டேன். தொட்டுப் பார்க்கவேண்டும், உங்களையும் பார்க்கவேண்டும்" என்று எழுதியிருந்தார். நாங்கள் போய் இறங்கிய அன்று அவர் ஊரில் இல்லை. அவர் வரும்வரை குஸ்கோ நகரத்தையும் அதன் மேலே இருக்கும் சின்செரோ என்ற பழைய மலைக்கிராமத்தையும் பார்த்துவிட்டு வரும்படி அவர் ஆபீஸ்காரர்களே ஏற்பாடு செய்துவிட்டார்கள். மாதிரித் துணிப் பெட்டியை லீமா ஹோட்டலிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

குஸ்கோவில் இறங்கிய முதல் நாள் நான் செய்த பெரிய காரியம் படுத்திருந்ததுதான். கொடைக்கானலுக்கும் மேலே இன்னும் ஒரு கொடைக்கானலைத் தூக்கி வைத்தது மாதிரி உயரம். பெட்டியைக் கட்டில்மேல் தூக்கி வைத்ததற்கே மூச்சு இரைத்தது. ஹோட்டல் வாசலில் ஒரு பானையில் வெந்நீரும் பக்கத்தில் காய்ந்த இலைகளும் வைத்திருந்தார்கள். கோக்கா இலை. போட்டுக் குடித்தால் தலைசுற்றல் நிற்குமாம்.

"வெத்தலைய வெந்நில போட்டுக் குடிக்கதா? வேண்டாம்" என்றார் மதினி. "எனக்கு ஒண்ணும் செய்யாது. நான் சதுரகிரி ஏறுனவ."

நான் குடித்தேன். அவர் குடிக்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்மேல் பழி வரக்கூடாது.

மறுநாள் காலை எங்களைக் கூட்டிப்போக வேன் வந்தது. ஓட்டுநர் பெயர் ஃபவுஸ்டோ. வாயின் ஒரு பக்கத்தில் கோக்கா இலை உருண்டையை அதக்கி வைத்திருந்தார். அவ்வப்போது சாம்பல் மாதிரி ஒரு கட்டியைக் கடித்துக்கொண்டார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மாதிரி அதற்கு இது. "அதான பாத்தேன்" என்றார் மதினி, அவர் கன்னத்தைப் பார்த்து. வழிகாட்டியின் பெயர் யானெத். சின்செரோவிலேயே பிறந்து வளர்ந்தவள். முப்பது வயது இருக்கலாம், குரல் மட்டும் பள்ளிக்கூட டீச்சர் குரல். எங்களோடு சிலி நாட்டிலிருந்து வந்த வயதான கணவன் மனைவி. அவர்கள் ஸ்பானிஷில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள், நாங்களும் மரியாதைக்குச் சிரிப்போம்.

ஊரை விட்டு வெளியே வந்ததும் வானம் ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. சிவந்த உழவு நிலம், ஓரத்தில் யூகலிப்டஸ் மரங்கள், அதற்குப் பின்னால் பனி மூடிய மலைகள். யானெத் ஒவ்வொரு மலையையும் கைகாட்டி, ஆள் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள். "இவர்கள் எங்களுக்கு வெறும் மலை இல்லை. பெரியவர்கள். ஒரு காரியம் தொடங்கும்போது இவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம்."

நான் மொழிபெயர்த்ததும் மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். எங்களூரில் காலையில் கண் விழித்தால் மேற்கே மலைதான். அங்கே மேகம் இறங்கினால்தான் இங்கே கிணறு ஊறும். இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை.

சின்செரோ மேட்டின்மேல் இருக்கிறது. மண் செங்கல் சுவர்கள், கல் பாவிய தெரு, தெரு நடுவே சின்ன வாய்க்கால். பெண்கள் சிவப்புச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் போட்டு, தலையில் தாம்பாளத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி வைத்திருந்தார்கள். ஆண்களெல்லாம் டிராக் பேன்ட்டும் செல்போனும்தான். தெருவில் நாலைந்து நாய்கள் வெயில் காய்ந்தன. ஒன்றைப் பார்த்து மதினி நின்றார். "நாய்னா நம்மூரு நாயி. வெள்ளையா, மூக்கு ரோஸா, நின்னா ராசா மாதிரி நிக்கும்" என்றார். அந்த நாய் எழுந்து எங்கள் பின்னாலேயே வந்தது. பிறகு அதைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை.

தேவாலயம் ஊரின் உச்சியில், வெள்ளையடித்து நின்றது. அதன் அஸ்திவாரம் இன்கா அரசன் ஒருவனுடைய அரண்மனைச் சுவர். ஸ்பானியர்கள் வந்து மேல் பாதியை இடித்து, மிச்சம் நின்ற கல்லின்மேல் தங்கள் கோயிலைக் கட்டினார்கள். "கீழே இருப்பது நாங்கள், மேலே இருப்பது அவர்கள். உள்ளே கும்பிடுவது நாங்கள்" என்றாள் யானெத். உள்ளே இருட்டு. கண் பழகியதும் கூரை முழுக்கப் பூவும் கொடியுமாக ஓவியம் தெரிந்தது. படம் எடுக்க அனுமதி இல்லை என்பதால் எல்லாரும் ஒழுங்காக நின்று பார்த்தோம்.

வெளியே வந்து மதினி அந்தப் பழைய சுவரைத் தடவினார். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே சாந்து கிடையாது. அவர் தன் சேலை முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி, அந்த இடுக்கில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. நூலைக் கசக்கிக் கீழே போட்டார்.

"நல்ல வேலை" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை எங்கள் நெசவாளிகள்கூட அதிகம் கேட்டதில்லை.

அதற்குக் கீழே மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வயல்கள். தெப்பக்குளத்துப் படிகளை ஒரு மலைக்கே போட்டுவிட்டது மாதிரி. இன்றைக்கும் அதில் உருளைக்கிழங்கும் அவரை மாதிரி ஒரு பயிரும் போடுகிறார்கள். கடைசிப் படிவரை இறங்கிப் பார்க்கலாம், ஆனால் ஏறுவது கஷ்டம் என்று யானெத் எச்சரித்தாள். மதினி கடைசிவரை இறங்கினார். திரும்பி ஏறும்போது பாதியில் நின்று இயற்கையை ரசிப்பதுபோல் நடித்தார். உதடு வெளுத்திருந்தது.

"தண்ணி குடிங்க மதினி."

"சும்மா இரு. மலையப் பாக்கேன்."

அடுத்து ஒரு முற்றத்தில் நெசவுக் காட்சி. இது எல்லாப் பயணக்குழுக்களுக்கும் காட்டுவது. ஒரு பெண் ஏதோ ஒரு வேரைத் துருவித் தண்ணீரில் அடித்தாள், சீயக்காய் மாதிரி நுரை வந்தது. அதில் அழுக்குக் கம்பளி வெள்ளையானது. சப்பாத்திக்கள்ளியில் ஒட்டும் ஒரு பூச்சியை உள்ளங்கையில் நசுக்கினாள், ரத்தச் சிவப்பு. அதில் எதையோ தூவினாள், நிறம் மாறியது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைத்த ஊர்க்காரிக்கு இதில் ஆச்சரியம் கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் கைதட்டினேன்.

மதினி கைதட்டவில்லை. எழுந்துபோய் ஒரு சிவப்பு நூலை எடுத்து, எச்சில் தொட்டு, தன் வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் தேய்த்தார். சாயம் போகிறதா என்று பார்க்கிறார்! எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அந்தப் பெண்ணோ விழுந்து விழுந்து சிரித்து, ஒரு சட்டித் தண்ணீரையே கொண்டுவந்து வைத்தாள். "நன்றாகத் தேய்க்கச் சொல்" என்றாள் யானெத்திடம். சாயம் போகவில்லை. மதினி ஒரு சால்வை வாங்கினார்.

"இந்த டிரெஸ்ஸு, இந்த வேலை எல்லாம் தினமும் உள்ளதா, நமக்காகப் போடுறதா? கேளு" என்றார் மதினி. எப்படிக் கேட்பது என்று நான் தயங்கினாலும் கேட்டேன். யானெத் கோபித்துக்கொள்ளவில்லை.

"இரண்டும்தான். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் எங்களுக்காகப் போடுவோம். உங்களுக்காகவும் போடுவோம். சாயங்காலம் நான் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு டிவி பார்ப்பேன். துணி நெய்கிற நீங்கள் வீட்டில் பேண்டேஜா சுற்றிக்கொண்டு இருக்கிறீர்கள்?"

மதினி சத்தமாகச் சிரித்தார். அதிலிருந்து அவருக்கு யானெத்தைப் பிடித்துப்போயிற்று.

மதியச் சாப்பாடு யானெத்தின் பெரியம்மா வீட்டில். சமையல்கட்டுக்குள் நுழைந்ததும் காலடியில் கொழுகொழுவென்று முயலும் எலியும் கலந்த மாதிரி பிராணிகள் கீச்சுக் கீச்சென்று ஓடின. மதினிக்கு ஒரே சந்தோஷம். மூலையில் கிடந்த புல்லை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஊட்டினார். "பேரு என்னன்னு கேளு" என்றார்.

"கூய்" என்றாள் யானெத்.

"நல்ல பேரு."

கொஞ்ச நேரத்தில் தட்டு வந்தது. அதில் பொரித்த கூய், நாலு காலும் பல்லுமாக. மதினி தட்டைப் பார்த்தார், சமையல்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்பத்தானட்டி அதுக்குப் புல்லு போட்டேன்!"

தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் சாப்பிட்டேன். காடைக்கும் முயலுக்கும் நடுவே ஒரு ருசி. தோல் மொறுமொறுவென்று நன்றாகவே இருந்தது. மதினியைக் கிழங்குகள் காப்பாற்றின. மண்கட்டிகளை அடுக்கிக் கூடாரம் மாதிரி அடுப்பு செய்து, அது பழுக்கக் காய்ந்ததும் உள்ளே உருளைக்கிழங்கைப் போட்டு அப்படியே இடித்து மூடிவிடுகிறார்கள். தோண்டி எடுத்தால் மண்வாசனையோடு வெந்து வெடித்த கிழங்கு. தொட்டுக்கொள்ள அம்மியில் அரைத்த பச்சை மிளகாய்த் துவையல். தினமும் ரொட்டியும் வெண்ணெயுமாகத் தின்று வாடியிருந்த நாக்கு அன்றைக்குத்தான் விழித்தது. மஞ்சள் கிழங்கு, ஊதாக் கிழங்கு, பனியில் உறையவைத்துக் காலால் மிதித்துக் காயவைத்த கறுத்த கிழங்கு. நாம் வெயிலை நம்பி வத்தல் போடுகிறோம், அவர்கள் பனியை நம்பிப் போடுகிறார்கள். கடைசியில் ரொட்டியில் தடவித் தின்ன ஒரு இனிப்பு வந்தது. பாலும் சர்க்கரையும் சுண்டக் காய்ச்சியது. மதினி நக்கிப் பார்த்துவிட்டு, "பால்கோவாவுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. இன்னும் செத்த நேரம் கிண்டியிருக்கணும்" என்றார்.

குடிக்க மக்காச்சோளக் கள் கொடுத்தார்கள். முதலில் நாலு சொட்டு தரையில் ஊற்றவேண்டும், மண்ணுக்கு. மதினி கள் குடிக்கமாட்டார். டம்ளரை முழுசாகத் தரையிலேயே கவிழ்த்தார். "பூமாதேவியே குடிச்சுக்கிடட்டும்." பெரியம்மா கையைத் தட்டிச் சிரித்து, டம்ளரை மறுபடி நிரப்பினாள்.

சாயங்கால விமானத்தில் லீமா திரும்பவேண்டும். மறுநாள் காலையில் வியாபாரியைப் பார்க்கவேண்டும். அவர் அன்றைக்கு மதியமே வேறு நாட்டுக்குக் கிளம்புகிறார். அதனால் நேரத்தோடு வேனில் ஏறினோம். ஊரைத் தாண்டிக் கொஞ்சதூரம்தான் போயிருப்போம், முன்னால் லாரிகளும் பஸ்களும் வரிசையாக நின்றன. ஃபவுஸ்டோ எட்டிப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். சீட்டைப் பின்னால் சாய்த்துத் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டார்.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். ரோட்டின் குறுக்கே பாறாங்கற்கள், வெட்டிப் போட்ட ஒரு யூகலிப்டஸ் மரம். அதற்குப் பின்னால் ரோடு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் காலி பிளாஸ்டிக் வாளி.

"ஏட்டி கோமதி, இது மறியல்லா!" என்றார் மதினி.

மறியலேதான். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வராமல் போனபோது மதுரை ரோட்டில் காலிக் குடத்தோடு உட்கார்ந்தவர்களில் மதினியும் ஒருவர். குடம் வாளியாகியிருக்கிறது, சேலை பாவாடையாகியிருக்கிறது, மற்றதெல்லாம் அதே. நடுவில் ஒரு பெண் பிஸ்கட் பொட்டலம் சுற்றுக்கு விட்டது உட்பட.

யானெத்தின் முகம் சுண்டிப்போனது. "அந்த மூன்றாவது வரிசையில் இருப்பவள் என் சின்னம்மா மகள்" என்றாள். அவள் பிழைப்பு எங்களைப் போன்றவர்களால்தான், சாலையை மறித்திருப்பதோ அவள் வீட்டு ஆட்கள். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

மதினி நிற்கவில்லை. கல்லைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெண்கள் நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மறியலுக்கு வந்து நின்னுக்கிட்டு வேடிக்க பாக்கக் கூடாது. உக்காருட்டி."

உட்கார்ந்தேன். பெண்கள் எங்கள் சேலையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தலைவி மாதிரி இருந்தவள் ஃபெலிப்பா. அகன்ற முகம், தொண்டை கட்டிப்போன குரல். "இது யார்? இந்த அம்மா ஏன் உட்கார்ந்திருக்கிறாள்?" என்று யானெத்திடம் கேட்டாள்.

மதினி சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷிலும், யானெத் அவர்கள் பாஷையான கெச்சுவாவிலும் சொன்னோம். எங்கள் ஊரிலும் இப்படித்தான் உட்கார்ந்தோம், தண்ணீருக்காகத்தான் என்றதும் பெண்களிடையே ஒரு சலசலப்பு.

"உங்களுக்குத் தண்ணீர் வந்ததா?" என்றாள் ஃபெலிப்பா.

"வந்துச்சு. ஒரு வாரம் வந்துச்சு. பொறவு நின்னுபோச்சு" என்றார் மதினி. "வாக்கு குடுத்துட்டுப் போயிட்டாக."

ஃபெலிப்பா தலையாட்டினாள். "எங்களுக்கும் போன தடவை வாக்குதான் கொடுத்தார்கள். எங்கள் மேட்டிலிருந்து போகிற குழாய் கீழே ஹோட்டல்களுக்குப் போகிறது. அங்கே குளிக்கிற அறையில் இரண்டு குழாய். சூடு ஒன்று, குளிர்ச்சி ஒன்று. எங்கள் ஊருக்கு ஒன்றும் இல்லை."

காலையில் ஹோட்டல் அறையில் நான் வெந்நீரைத் திறந்துவிட்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விமானத்தைப் பற்றிச் சொன்னேன். ஃபெலிப்பா யோசித்துவிட்டு முடிவாகச் சொன்னாள்: "சக்கரத்தை விடமாட்டோம். நடந்து போகிறவர்களைத் தடுக்கமாட்டோம்." மேலே ஏற்றத்தில் இன்னொரு இடத்திலும் கல் போட்டிருக்கிறார்கள். அதையும் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் டாக்ஸி கிடைக்கும். ஃபவுஸ்டோ தொப்பியை எடுத்துவிட்டு யாருக்கோ போன் செய்து டாக்ஸிக்குச் சொன்னார்.

மதினி எழுந்தார். பத்தடி நடந்தார். ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். நெற்றியைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்தே தலை இடித்திருக்கிறது, சொல்லவில்லை. யானெத் வேனிலிருந்து ஆக்சிஜன் டப்பாவைக் கொண்டுவந்து மூக்கில் வைத்தாள். முகம் தெளிந்தது, ஆனால் அந்த ஏற்றத்தில் அவரால் நடக்கமுடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"நாமளும் இங்கயே இருப்போம் மதினி. ஆர்டர் போனாப் போகுது."

"போனாப் போகுதா? தறி என்ன காத்தையா நெய்யும்?" என்றார் அவர். "நீ போ. நான் இந்தப் பிள்ளையோட இருந்துக்கிடுதேன். அவ பெரியம்மா வீட்ல கிழங்கு இருக்கு."

"நீங்க இல்லாம நான் என்னன்னு பேசுவேன்?"

"நான் தமிழ்ல சொல்லுதேன், அதத்தான நீ இங்கிலீஷ்ல சொல்லுதே. நடுவுல நான் எதுக்கு?" மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்தார்: "ஒண்ணு மட்டும் கேட்டுக்க. அவன் என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிரு. பொறவு பாத்துக்கிடலாம்."

சிலிக்காரத் தம்பதியும் நடக்கமுடியாது என்று தங்கிவிட்டார்கள். யானெத் என் கையைப் பிடித்து, "உங்கள் அக்காவை என் அம்மாவைப்போலப் பார்த்துக்கொள்வேன்" என்றாள். அக்கா இல்லை, நாத்தனார் என்று திருத்த அப்போது நேரமில்லை.

ஃபெலிப்பா ஒரு பெண்ணை என்னோடு அனுப்பினாள். அவள் முதுகில் துணி மூட்டை, அதில் கிழங்கு. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அவள் நடந்தால் நான் நடந்தேன், நான் நின்றால் அவள் நின்றாள். ஒருதரம் நான் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டபோது, அவள் இடுப்புப் பையிலிருந்து கொஞ்சம் கோக்கா இலையை எடுத்து என் கையில் வைத்து, கன்னத்தைக் காட்டினாள். அதக்கிக்கொண்டேன். கசப்பு. இரண்டாவது மறியலில் அவள் என்னவோ சொன்னாள், வழிவிட்டார்கள். அந்தப் பக்கம் டாக்ஸி நின்றது. நான் ஏறுவதற்குள் அவள் வந்த வழியே பாதி தூரம் போய்விட்டாள்.

வழியெல்லாம் என் மனதில் ஓடியது ஒன்றுதான். தறி எவ்வளவு ஓடும், வெளுப்புக்கு எத்தனை நாள், மழை வந்தால் எவ்வளவு தாமதம், எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது எதுவும் மதினிக்குத் தெரியாது. இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். விமானத்தில் கடைசியாக ஏறிய ஆள் நான். பக்கத்து சீட் காலியாகவே வந்தது.

மறுநாள் காலை லீமாவில் அந்த வியாபாரி மாதிரித் துணியைத் தொட்டுப் பார்த்தார். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அவள் துணியை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டாள். உடனே உறிஞ்சிக்கொண்டு மூழ்கியது. இழையை எண்ணினாள், கிழித்துப் பார்த்தாள், தலையாட்டினாள்.

"நல்ல துணி" என்றார் வியாபாரி. "ஆனால் நீங்கள் சொல்கிற காலத்தில் பாதியில் முதல் சரக்கு எனக்கு வேண்டும். முடியுமா?"

சரி என்று சொல்லிவிடு என்கிற குரல் என் காதுக்குள்ளேயே இருந்தது. சரி என்றால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். ராத்திரியும் பகலும் தறி ஓடும். ஆட்கள் தூக்கம் கெட்டு நிற்பார்கள். வெளுப்பில் அவசரப்படுவோம். துணி மஞ்சளடித்துப் போகும். அது ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவருடைய காயத்தின்மேல் போய் உட்காரும்.

"முடியாது" என்றேன். "நான் சொன்ன தேதிக்கு வரும். ஒரு நாள்கூடப் பிந்தாது. அதற்கு முன்னால் வராது."

"இன்னொருவர் முடியும் என்கிறார்."

"அவரால் முடிந்தால் அவரிடம் வாங்குங்கள். நான் இல்லாததைச் சொல்லமாட்டேன்."

அவர் துணியை மறுபடி எடுத்து விரலால் நெருடினார். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் லீமா வானம். கிடங்குப் பெண் அவரிடம் ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். கடைசியில் அவர் பாதியை எனக்கும், மீதியை அந்த இன்னொருவருக்கும் கொடுப்பதாகச் சொன்னார். "அடுத்த தடவை யார் சொன்னபடி செய்தார்கள் என்று பார்ப்போம்" என்று எழுந்து கைகொடுத்தார்.

அன்று சாயங்காலம் மதினியைக் கூப்பிட விமான நிலையத்துக்குப் போனேன். வெயிலில் கன்னம் கறுத்து, வாங்கிய சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். நடை பழையபடி கெட்டியாக இருந்தது.

"என்ன சொன்னான்?"

"பாதி குடுத்திருக்காரு."

"மீதி?"

"சீக்கிரம் வேணும்னாரு. நான் முடியாதுன்னு சொல்லிட்டேன் மதினி."

அவர் பெட்டியை உருட்டுவதை நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தார்.

டாக்ஸியில் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார். "காலையில ஆபீசருக வந்தாங்க. தண்ணிக் குழாய் போட்டுத் தாரோம்னு பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க. எல்லாரும் எந்திரிப்போம்னு பாத்தா, அந்தப் ஃபெலிப்பாம்மா எந்திரிக்கல. பேப்பர் வேண்டாம், மண்ணு தோண்டுற மிஷினு வரட்டும்னு சொல்லிட்டாக. அம்புட்டுப் பேரும் கெஞ்சுதாங்க, அவிய அசையல. மத்தியானத்துக்கு முன்னால மிஷினு வந்து நின்னுச்சு. பொறவுதான் கல்ல உருட்டுனோம். நானும் ஒண்ணு உருட்டுனேன்."

"உங்களுக்கு மூச்சு வாங்கலையா?"

"அந்த இலைய வாயில போட்டுக்கிட்டேன்." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "நானா இருந்தா சரின்னு சொல்லியிருப்பேன். சொல்லிட்டு ஊருக்கு வந்து உங்க எல்லாரையும் வாட்டியிருப்பேன்." அப்புறம், "உன் மாப்பிள்ளைக்குப் போன் போடு" என்றார்.

"என்ன சொல்ல?"

"பாதி ஆர்டர்னு சொல்லு. முடியாதுன்னு சொன்னது நீதான்னும் சொல்லு. இல்லைன்னா நான் சொன்னதா நினைச்சுக்கிடுவான்."

போன் போட்டேன். ராஜபாளையத்தில் விடிந்து முதல் ஷிப்ட் தறி ஓடத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"யாரு சொன்னது? அக்காவா?" என்று கத்தினார்.

"நான்தான்" என்றேன்.

"யாரு?"

டாக்ஸிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரலை உயர்த்தினேன். "நான்தான். கோமதி."

தறிச் சத்தம் மட்டும் வந்தது. "சரி" என்றார் அவர்.